ஆட்டுக்காரன் விரல்

செருப்படி வாங்குவதற்கென்றே வருஷா வருஷம் வேஷம் கட்டுகிறவன் நான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. குடிகாட்டுப் பக்கம் வந்து சாமிக்கண்ணு என்று கேட்டால் எந்தச் சாமிக்கண்ணு என்பார்கள். வெரல் சாமிக்கண்ணு என்று கேளுங்கள். கடலூர் சிதம்பரம் ரோட்டோரம் இருக்கிற என் பஞ்சர் கடை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

எங்கள் கோயிலில் இருப்பவள் பார்பரம்மாள். அந்தப் பேர் வாயில் நுழையாமல் சுற்றுப்பட்டு சனமெல்லாம் இடியம்மா என்றே கூப்பிடும். எந்தக் காலத்திலோ எந்தச் சீமையிலோ ஒரு ராஜாவுக்கு மகளாகப் பிறந்தவள். எவன் கண்ணும் படக்கூடாதென்று அப்பன் அவளைக் கோபுரத்தில் வைத்துப் பூட்டினான். அவள் உள்ளே இருந்துகொண்டே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள். கோபுரத்துக்கு ரெண்டு ஜன்னல் போதும் என்று அப்பன் சொல்லியிருக்க, பிதா சுதன் ஆவி என்று சொல்லி மூணாவது ஜன்னல் வைக்கச் சொன்னாள். விஷயம் தெரிந்ததும் அப்பன் வாளை உருவினான், அவள் ஓடினாள், பாறை பிளந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேரை ராஜா கேட்டான். ஒருத்தன் பார்க்கவே இல்லை என்று சாதித்தான். இன்னொருத்தன் விரலை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டான். அப்புறமென்ன, மயிரைப் பிடித்து இழுத்துவந்தார்கள், சவுக்கால் விளாசினார்கள், பழுத்த இரும்பால் சுட்டார்கள். கடைசியில் தலையை வேறு யாரையும் வெட்டவிடாமல் பெற்றவனே வெட்டினான். வெட்டிவிட்டு மலை இறங்கும்போது இடி விழுந்து கரிக்கட்டையாகப் போனான்.

அந்த இன்னொருத்தன் வேஷம்தான் என்னுடையது.

எங்கள் திருவிழாக் கூத்தில் அந்த ஆட்டுக்காரன் வாயால் காட்டிக்கொடுக்க மாட்டான். ராஜா வந்து, "ஆட்டுக்காரா, என் மகளைக் கண்டாயா?" என்பான். நான் தொபுக்கென்று மண்டி போட்டுக் கைகூப்பி, "தெரியாதுங்க சாமி" என்பேன். கூப்பின கையிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் தனியாகக் கழன்று பாறைப் பக்கம் ஆடும். பிள்ளைகள் "வெரல்! வெரல்!" என்று கத்தித் தீர்க்கும். ராஜா ரெண்டு தரம் கவனிக்க மாட்டான். மூணாவது தரம் பார்த்துவிட்டு, "வாய் பொய் சொல்லும், வெரல் சொல்லாது!" என்று பாறையை நோக்கிப் பாய்வான். உடனே பொம்பளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய செருப்பையெல்லாம் என்மேல் எறிவார்கள். எறிந்தால் அந்த வருஷம் வீட்டில் இடி விழாதாம். என் தங்கச்சி ஜெயராணி இருக்கிறாளே, அவள் குறி பார்த்து மண்டையிலேயே எறிவாள்.

புதுசாக வந்த ஃபாதர் ஒருநாள் பூசையில் வைத்து ஒரு குண்டைப் போட்டார். பார்பரம்மாள் என்று ஒருத்தி இருந்ததற்கே ஆதாரம் இல்லையாம், ரோமாபுரியில் காலண்டரிலிருந்து பேரை எடுத்தே ரொம்பக் காலமாகிறதாம். எனக்கு வந்ததே கோபம்! "அப்ப இத்தினி வருசமா நான் செருப்படி வாங்கினது யாருக்கு ஃபாதர்?" என்று எழுந்து நின்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

டிசம்பர் மாசம்தான் அவளுக்குத் திருநாள். கடலூரில் டிசம்பரில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிப்பதே பெரிய பாடு, இதில் கூத்து எங்கே போடுவது? அதனால் எங்கள் தாத்தன் காலத்திலேயே மே மாசத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோடை இடி இடிக்கிற காலம் என்பதால் விவசாயம் பார்க்கிற இந்துச் சனமும் மெழுகுவத்தியோடு வந்துவிடும். வருவார்கள், கும்பிடுவார்கள், கூத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வாய் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

அப்படி வருகிறவர்தான் புவனகிரி தேவநாதன். நாற்றங்காலில் நின்றிருந்த அவருடைய அண்ணன் இடி விழுந்து இவர் கண் முன்னாலேயே செத்துப்போனார். அதிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் வருவார், முன்வரிசையில் உட்காருவார், நான் விரலை ஆட்டினால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ஒரு தரம் மேடைக்கே ஏறிவந்து எனக்குத் துண்டு போர்த்தினார். கை மேலே பட்டுவிடாமல் போர்த்தினார், அதையும் நான் கவனித்தேன்.

அவர் கூடவே அவர் மகள் சிந்துஜாவும் வருவாள். அந்த வருஷங்களில் பார்பரம்மாள் வேஷம் கட்டியவன் ஜெயராணியின் மகன் சார்லஸ். மீசையை மழித்துப் பட்டுப்புடவை கட்டி நின்றால் பொம்பளைகளே கண் வைப்பார்கள். அப்புறம் ரெண்டு பேரும் சிதம்பரத்தில் ஒரே காலேஜ். "போன மே மாசம் உன் தலைய வெட்டுனப்ப நெசமாவே அழுதுட்டேன்" என்றுதான் அவள் இவனிடம் முதல் பேச்சே பேசினாளாம். இதையெல்லாம் எனக்கு யார் அப்போது சொன்னார்கள்?

போன வருஷம் திருவிழா முடிந்த மறுவாரம், உச்சி வெயில். சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் கடை வாசலில் நின்று ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுப் போனது. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு, இவன் கையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் போட்ட மாலை.

"மாமா, கல்யாணம் ஆயிடுச்சு. அவுங்க வீட்டுக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. பின்னாடியே வராங்க."

"அட நாசமாப் போறவனே!" என்று கையிலிருந்த டயர் லீவரை ஓங்கிவிட்டேன். "ஊருல வேற பொண்ணே கெடைக்கலியா? புவனகிரியில போயா பொண்ணெடுப்ப? ஒங்கம்மாவ உசுரோட பொதைக்கப் பாக்குறியா?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். அந்தப் பெண் அழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் காலைத் தொட்டு நிமிர்ந்தாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க சித்தப்பா" என்றாள்.

ஓங்கின லீவரைக் கீழே போட்டேன். முறை சரிதான். சார்லஸுக்கு நான் தாய்மாமன் என்றால் அவன் பெண்டாட்டி எனக்கு மகள் முறை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, என் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதே கிடையாது. வஞ்சகமாய்ச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது எனக்கு.

அதற்குள் ஜெயராணி போன் செய்தாள். செம்மண்டலத்தில் அவள் குடியிருக்கிற வீட்டு வாசலில் ரெண்டு வண்டி நிற்கிறதாம், ஆட்கள் கட்டையோடு இறங்கியிருக்கிறார்களாம். போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்திப் பார்க்கிறார்களாம். அங்கேயும் போக முடியாது, ஜோடியாக ரோட்டில் நிற்கவும் முடியாது. சார்லஸ் தலையில் என் ஹெல்மெட்டை மாட்டி, என் டிவிஎஸ்ஸைக் கொடுத்து, நேரே எஸ்.பி. ஆபீஸுக்குப் போய் போலீஸோடு வா என்று விரட்டினேன்.

பெண்ணை என்ன செய்வது? என் கடை நாலு தகரம், அவ்வளவுதான். பின்பக்கம் தேய்ந்துபோன லாரி டயர்கள் கிடந்தன. அவளை நிற்கச் சொல்லி, தலைவழியாக ஒவ்வொரு டயராக இறக்கினேன். ஒல்லியான பெண், இடுப்புக்கு மேல் கையை மடக்கிக்கொண்டு நின்றாள். உச்சந்தலை மறைகிறவரைக்கும் அடுக்கினேன். வெயிலில் காய்ந்த ரப்பர், தொட்டாலே கை பொத்துப்போகும். "மூச்சு காட்டாத தாயி. என்னா சத்தம் கேட்டாலும் வெளிய வராத. எம்மேல சத்தியம்" என்றேன். கோபுரத்துக்கு ஜன்னல் வைக்க எனக்கு நேரமில்லை.

நாலு பேர் வந்தார்கள், வெள்ளை ஜீப்பில். தேவநாதன், அவருடைய மச்சான் உத்திராபதி, கூட ரெண்டு தடியன்கள். உத்திராபதிதான் பெண்ணுக்குத் தாய்மாமன், அவனுக்கே அவளைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். அவன் முதுகுச் சட்டைக்குள் அருவாள் துருத்திக்கொண்டிருந்தது.

"சாமிக்கண்ணு, எம்பொண்ணு எங்க?" என்றார் தேவநாதன். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது, கண் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க."

சொல்லி முடிக்கவில்லை, உத்திராபதி என் தாடையில் உதைத்தான். விழுந்தேன். தடியன் ஒருத்தன் வீல் ஸ்பேனரை எடுத்து என் முழங்காலில் இறக்கினான். உள்ளே எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது. அம்மா என்று அலறினேன், ஆண்டவரே என்று அலறினேன், என்னென்ன கெட்ட வார்த்தை தெரியுமோ அத்தனையும் சொல்லி அவன் ஏழு தலைமுறையையும் திட்டினேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒருத்தனும் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

"பஸ்ஸுல எறங்குனத கண்டக்டர் சொல்லிட்டான்டா நாயே. எங்க வெச்சிருக்க?"

"எறங்குனாங்க, உடனே வேற வண்டி ஏறிப் போய்ட்டாங்க. எங்க போனாங்கன்னு சத்தியமாத் தெரியாது."

டியூபில் ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய்த் தலையை உள்ளே அமுக்கினார்கள். எண்ணெயும் சேறுமாகக் கிடக்கிற தண்ணீர். மூக்கு, வாய், காது எல்லாவற்றிலும் ஏறியது. குமிழி வந்துகொண்டே இருந்தது, வருவது நிற்கிறபோது தூக்கினார்கள், மறுபடி அமுக்கினார்கள். வெளியே வந்தபோது நான் வாந்தி எடுத்தேன். தேவநாதன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற அதே உட்காரல்.

"சொல்லிடு சாமிக்கண்ணு. ஒன்ன அடிக்க எனக்கு ஆசையா?" என்றார்.

"கண்டுபுடிச்சா பொண்ண என்னா பண்ணுவீங்க?"

பதிலை உத்திராபதி சொன்னான். "அவ அப்பன் கையாலயே முடிச்சிடறதுன்னு பேசி முடிவாயிடுச்சு. வெளி ஆளு கை படக்கூடாது." டயருக்குள்ளே அவளுக்கும் இது கேட்டிருக்கும். அப்பன் மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

டியூபுக்குச் சூட்டு ஒட்டுப் போடுகிற மெஷின் காலையிலிருந்து எரிந்துகொண்டுதான் இருந்தது. உத்திராபதி என் இடது கையைப் பிடித்து அந்த இரும்புத் தகட்டின்மேல் வைத்து, மேலேயிருந்து திருகை இறுக்கினான். என் கறி வேகிற வாசனை எனக்கே அடித்தது. நான் கத்திய கத்தில் எதிர்ப்புறம் வேப்பமரத்தில் இருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன. அந்தக் கத்தலுக்கு நடுவில், பின்பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல், "சி..." என்று ஆரம்பித்தது.

"சும்மா கெட!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "சும்மா கெட, சும்மா கெட, சும்மா கெட!"

"யாரடா சொல்ற?"

"எங்கையத்தான்! எரியுதே, எங்கையத்தான் சொல்றேன்! அவுத்து வுடுடா பாவி!"

திருகைத் தளர்த்தினான். உள்ளங்கைத் தோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டது. உத்திராபதிக்கும் மூச்சு வாங்கியது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் டயர் அடுக்கின்மேல் சாய்ந்து நின்றான். அவன் முதுகுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு டயரின் கனம்தான். அடுத்து அவன் திரும்பி ஒரு உதை விட்டால் தீர்ந்தது கதை. அடியே இடியம்மா, நீ இருந்தவளோ இல்லாதவளோ எனக்குத் தெரியாது, இப்போதாவது இருந்து தொலை என்று மனசுக்குள் திட்டினேன்.

"கடைசியாக் கேக்குறேன்" என்றார் தேவநாதன். "எம்மவளக் கண்டியா?"

அந்தாள் கண் என் வாயைப் பார்க்கவில்லை. தானாகவே கீழே இறங்கி என் வலது கையைப் பார்த்தது. வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகின கண். அதைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது.

நொறுங்கின முழங்காலோடு மண்டி போட முடியாது. ஒரு காலில் சரிந்து, வெந்த கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கூப்பினேன். "தெரியாதுங்க சாமி" என்றேன். நடிக்கவேண்டிய தேவையே இல்லை, அழுகை தானாக வந்தது. விரல் மட்டும் மெல்லக் கழன்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆடியது. அங்கே பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய கம்பெனி, சுற்றுச்சுவர் பாதி இடிந்து புதர் மண்டிய இடம். உள்ளே நுழைந்தால் ஷெட்டு, குழாய், தொட்டி என்று தேடி மாளாது.

தேவநாதன் என் விரலையே பார்த்தார். அப்புறம் அது காட்டிய இடத்தைப் பார்த்தார். கூத்தில் ராஜா திரும்புவானே, அதே மாதிரி திரும்பினார்.

"மச்சான், வா. எதிர் கம்பெனியில இருக்கா."

"அவன் தெரியாதுன்னுதான சொன்னான்?"

"வாய் பொய் சொல்லும்டா. எனக்குத் தெரியும், வா."

நாலு பேரும் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். உத்திராபதி அருவாளை உருவிக்கொண்டான். நான் ஒற்றைக் காலில் தவழ்ந்து பின்பக்கம் போய் டயர் அடுக்கை மொத்தமாகச் சாய்த்தேன். அவள் வெந்து சிவந்து, உதட்டைக் கடித்து ரத்தம் வழிய வெளியே உருண்டாள். என் கையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் அழுதாள். அழுகிறதற்கு இதுவா நேரம்? கன்னத்தில் ஒன்று விட்டேன்.

என் நல்ல காலம், வாடிக்கை லாரிக்காரன் கொளஞ்சியப்பன் கடலூர் பக்கம் காலி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். என் கோலத்தைப் பார்த்து நிறுத்தினான். "கேள்வி கேக்காத. இவள எஸ்.பி. ஆபீஸ்ல எறக்கி வுடு. எங்கயும் நிறுத்தாத" என்றேன்.

"நீங்களும் வாங்க சித்தப்பா" என்று அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடையில ஆளு இல்லன்னா அவனுங்க ரோட்டப் பாப்பானுங்க. நான் இருந்தா என்னைப் பாப்பானுங்க. போ தாயி."

லாரி போனதும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பஞ்சர் கடைக்காரன் வாசலில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவன் எவ்வளவு பெரிய மடையன்! ஜீப்பைச் சுற்றித் தவழ்ந்து நாலு சக்கரத்து வால்வு பின்னையும் கழற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டேன். காற்று இறங்குகிற சத்தம் கேட்கக் கேட்க வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அவர்கள் ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். முள் கிழித்து, முட்டிவரை கறுப்புச் சேறாக வந்தார்கள். சாய்ந்து கிடந்த டயர்களைப் பார்த்தார்கள். வாசல் ஓரத்தில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. என் காலைத் தொடும்போது கழற்றி வைத்தாளே, அது. எனக்கும் கவனம் இல்லை, முதல் தரம் அவர்களுக்கும் கண்ணில் படவில்லை.

தேவநாதன் அந்தச் செருப்பை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். மகளுக்கு அவரே வாங்கிக்கொடுத்ததாக இருக்கும். அப்புறம் என்னிடம் வந்து குனிந்தார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. என்மேல் கோபப்பட்ட முகமாக அது இல்லை. சாமியே பொய் சொல்லிவிட்டது என்கிற மாதிரி ஒரு முகம்.

"வெரலுமாடா பொய் சொல்லும்?" என்றார்.

"அவ எனக்கும் மவதாங்க" என்றேன். "மொறையப் பாத்தா நீங்களும் நானும் பங்காளி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. மச்சான் கையிலிருந்து அருவாளைப் பிடுங்கினார். தடியன்கள் என் வலது கையை இழுத்து லாரி ரிம்மின்மேல் வைத்து மிதித்துக்கொண்டார்கள். என்னைத் தொடாமல் துண்டு போர்த்தினவர், இப்போது என் ஆள்காட்டி விரலைத் தன் கையால் பிடித்துப் பிரித்து நீட்டினார். முதல் வெட்டு சரியாக விழவில்லை, எலும்பில் மாட்டியது. ரெண்டாவது வெட்டில் ரிம்மில் அருவாள் பட்டு ணங்கென்றது. விரல் தெறித்துப் போய் மண்ணில் விழுந்தது. எனக்கு உடனே வலிக்கவில்லை. அது அங்கே கிடக்கிறதே என்றுதான் பார்த்தேன். அப்புறம் வந்தது வலி, வந்து என் உச்சியைப் பிளந்தது.

வானம் அதற்குள் மூட்டம் போட்டிருந்தது. நான் மல்லாந்து படுத்துக்கொண்டு கத்தினேன். "ஏ பார்பரம்மா! எங்கடி போன? அப்பன் அருவாளோட நிக்கிறான் பாருடி! போடுடி ஒரு இடி!"

இடித்தது. நிஜமாகவே இடித்தது. கடல் பக்கமிருந்து உருண்டு வந்து கம்பெனித் தகரமெல்லாம் அதிரும்படி இடித்தது.

தேவநாதன் கையிலிருந்து அருவாள் விழுந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று கத்தியபடி ஓடிப்போய் ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டார். உத்திராபதி வண்டியைக் கிளப்பினான், அது ரிம்மில் நொண்டி நொண்டிப் பத்தடி நகர்ந்து பள்ளத்தில் இறங்கி நின்றது. வண்டி நகர்ந்ததும் அடியில் இருந்தவர் வெட்டவெளியில் குப்புறக் கிடந்தார். தடியன்கள் ரெண்டு பேரும் வந்த வழியே ஓடிவிட்டார்கள். மழை கொட்டியது. இடி யார்மேலும் விழவில்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மயங்கிவிட்டேன். சார்லஸும் போலீஸும் வந்தபோது தேவநாதனும் உத்திராபதியும் என் கடைத் தாழ்வாரத்தில்தான் நனையாமல் நின்றிருந்தார்களாம்.

பெரியாஸ்பத்திரியில் ஒட்டவைக்க விரலைக் கேட்டார்கள். மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும், இல்லையென்றால் நாய் தூக்கியிருக்கும். முழங்காலில் கம்பி வைத்தார்கள். சார்லஸும் சிந்துஜாவும் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். வாரம் தவறாமல் போன் வரும். "சித்தப்பா, சாப்டீங்களா?" என்பாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று கேட்க இப்போது எனக்கு ஆள் இருக்கிறது.

இந்த மே மாசம் கூத்துக்கு அண்ணாவியார் தயங்கித் தயங்கி வந்தார். அண்ணாவியார்தான் எங்களுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து நடத்துகிறவர். "வெரல் வேசத்துக்கு இந்த வருசம் வேற ஆளப் போட்டுடலாமா?" என்றார்.

"எவனாவது அந்த ஆட்டுக்காரன் கம்பளியப் போர்த்துனா கால ஒடைச்சிடுவேன்" என்றேன்.

விளக்குப் போட்டதும் கூத்து தொடங்கியது. பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் என் கட்டம் வந்துவிடும். ஜாமீனில் வந்திருந்த தேவநாதன் முன்வரிசையில் இல்லை. கூட்டத்துக்கு வெளியே, மெழுகுவத்தி விற்கிற இடத்தில், பற்றவைக்காத வத்தியோடு நின்றார். இந்த வருஷமும் வராமலிருக்க அந்தாளால் முடியவில்லை. செம்பியன் என்கிற பையன் பார்பரம்மாள் வேஷத்தில் காகிதப் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

ராஜா வந்தான். "ஆட்டுக்காரா, என் மகளைக் கண்டாயா?"

கைகூப்பினேன். "தெரியாதுங்க சாமி."

பிள்ளைகள் பழக்கத்தில் "வெரல்!" என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நின்றுபோனார்கள். கூப்பின கையில் ஒரு சந்து மட்டும் இருந்தது. அதன்வழியே விளக்கு தெரிந்தது. ராஜா மறுபடி கேட்டான், நான் தெரியாதென்றேன். மூணாவது தரமும் கேட்டான். அதற்கப்புறம் அவனுக்கு வசனம் கிடையாது. எந்தப் பக்கம் பாய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தூக்கின வாளோடு முழித்தான்.

"எதையாவது காட்டுண்ணே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"காட்டுறதுக்கு இன்னாடா இருக்கு எங்கிட்ட?"

ஜெயராணி முன்னால் எழுந்து நின்றாள். கையில் செருப்பு இருந்தது. என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். அதைக் கீழே போட்டுத் தன் காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒருத்தியும் எறியவில்லை.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணாவியார் திரைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார். ஃபாதரே மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். "என்ன சாமிக்கண்ணு இது? அவுங்க வேதத்துக்காக உயிரைக் கொடுத்ததாலதானே புனிதை? சாகாம கதை எப்படி முடியும்?"

"இருந்ததுக்கே ஆதாரம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க ஃபாதர்? செத்ததுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு ஆதாரம்?" என்றேன். கூட்டத்தைத் தாண்டி, மெழுகுவத்தியோடு நின்ற தேவநாதனைப் பார்த்துச் சொன்னேன். "கேட்டுக்கோய்யா. எனக்கு வெரல் இல்ல. அவ எங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த ஒரு வருசம் அவ உசுரோட இருக்கட்டும்."

தேவநாதன் வத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டார். பாறைக்குப் பின்னால் குந்தியிருந்த செம்பியன் பாவம், கால் மரத்துப்போய், கிரீடத்தோடு தலையை நீட்டினான்.

"மாமா, நான் வரணுமா வேணாமா?"

"வேணாம் தாயி" என்றேன். "பத்திரமா வீட்டுக்குப் போ."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான். சனம் ரெண்டாகப் பிரிந்து வழி விட்டது. அவன் கால் சலங்கைச் சத்தம் தெருக்கோடி தாண்டுகிறவரைக்கும் ராஜா வாளைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்திலேயே நின்றான்.